டெக்சாஸ் சின்ன ஊர் பார்பிக்யூ கடையில் சாப்பிடுவது எப்படி: வரிசையில் நிற்பதிலிருந்து கை கழுவுவது வரை

ஆஸ்டினுக்கோ சான் அன்டோனியோவுக்கோ வேலையாக வந்தாலும் சரி, பிள்ளைகளைப் பார்க்க வந்தாலும் சரி, யாராவது ஒருவர் உங்களைக் காரில் ஏற்றி லாக்ஹார்ட், டெய்லர் போன்ற சின்ன ஊர் ஒன்றில் இருக்கும் பார்பிக்யூ கடைக்கு, அதாவது விறகுப் புகையில் வேகவைத்த கறி விற்கும் கடைக்குக் கூட்டிப் போகாமல் விடமாட்டார். உள்ளே போனால் மெனு கார்டு கிடையாது, மேசைக்கு வந்து கேட்க ஆள் கிடையாது, தட்டு கிடையாது, சில கடைகளில் நெடுங்காலம் முள்கரண்டிகூட கிடையாது. சுவரெல்லாம் புகை படிந்து பழுப்பேறி இருக்கும். முன்னால் நிற்பவர் பவுண்டுக் கணக்கில் என்னவோ சொல்லி வாங்கிக்கொண்டு நகர்வார், அடுத்தது நீங்கள், பின்னால் இருபது பேர். புதிதாக வந்தவர்கள் அந்த இடத்தில் பதறிப்போய் கையில் வந்ததை வாங்கிவிட்டு, நாற்பது டாலர் கொடுத்துக் காய்ந்த கறி தின்றோம் என்று பிறகு புலம்புவார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். இது சாப்பாட்டு ஹோட்டல் இல்லை, கறிக்கடை. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன்னால் நின்று "தொடைப் பக்கம் போடுங்க, கொழுப்பு கொஞ்சம் இருக்கட்டும், எலும்பு வேண்டாம்" என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறோமே, அதே புத்தியோடு போக வேண்டும். கறி ஏற்கெனவே வெந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை, வரலாறே அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன், செக் குடியேறிகள் மத்திய டெக்சாஸின் சின்னச் சின்ன ஊர்களில் கறிக்கடை போட்டார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம், விற்காத கறி கெட்டுப்போகும், அதனால் மிச்சத்தைப் புகையில் வேகவைத்தார்கள், துண்டு துணுக்குகளை அரைத்துக் குடலில் அடைத்து சாஸேஜ் செய்தார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை வாங்கி, கறி சுற்றிக் கொடுத்த காகிதத்தையே விரித்து, அதே கடையில் கிடைத்த உப்பு பிஸ்கட், ரொட்டி, வெங்காயம், ஊறவைத்த வெள்ளரிக்காய் இவற்றோடு அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள். எல்ஜின் ஊரின் சவுத்சைட் மார்க்கெட் 1882இல் ஆரம்பித்தது, லாக்ஹார்ட்டின் க்ரைட்ஸ் மார்க்கெட் 1900இல். பேரிலேயே 'மார்க்கெட்' இருப்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் எடை போட்டு விற்பது, தட்டுக்குப் பதில் பழுப்புக் காகிதம், கூடவே வெள்ளை ரொட்டியும் பச்சை வெங்காயமும் கொடுப்பது, எல்லாம் அந்தக் கறிக்கடை வழக்கத்தின் மிச்சம்தான்.

எப்போது போவது

மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள், அதுவும் சீக்கிரமாக. காலை 11 மணிக்குள் வாசலில் இருப்பது உத்தமம். பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறி, பல கடைகளில் ஏறக்குறைய 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில், பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேகிறது. முந்தின நாள் இரவே அடுப்பில் ஏற்றியதுதான் இன்றைக்குக் கடைக்கு வரும், தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான், இன்னொன்று போடுங்கள் என்று சொல்ல வழியில்லை. பல கடைகள் வாசலில் 'தீர்ந்துவிட்டது' பலகையை மாட்டிவிட்டு மதியம் இரண்டு மூன்று மணிக்கே சாத்திவிடும். இரவு வரை திறந்திருக்கும் கடைகளும் உண்டு. ஆனால் அங்கே மாலையில் கிடைப்பது காலையிலிருந்து சூட்டில் காத்திருந்த கறியாக இருக்கலாம், நான் அந்த நேரத்தில் போகமாட்டேன்.

ஞாயிறு, திங்களில் பல கடைகள் லீவு. லெக்சிங்டன் ஊரில் ஸ்னோஸ் என்று ஒரு கடை, 2003இல் ஆரம்பித்ததுதான், பழைய கடை என்று சொல்ல முடியாது, ஆனால் நடப்பதெல்லாம் பழைய முறையில். வாரத்தில் சனிக்கிழமை மட்டும், அதுவும் காலை 8 மணிக்குத் திறக்கும். காலைப் பலகாரமாக மாட்டுக்கறியா என்று கேட்பவர்கள் அங்கே யாரும் இல்லை. ஆக, கிளம்புவதற்கு முன் ஒரு போன் போட்டு, இன்றைக்கு உண்டா, எத்தனை மணி வரை என்று கேட்டுவிடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும், கார்டு வாங்காத பிடிவாதக்காரர்கள் இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள்.

வரிசையில் நிற்கும்போது

வரிசையில் நிற்கும் நேரம் வீண் இல்லை, நோட்டம் விடும் நேரம். கறி வெட்டுபவரின் பலகையைப் பாருங்கள். பெரிய கரிய கட்டி ஒன்று கிடக்கும், அதுதான் பிரிஸ்கெட். கருகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், மிளகும் உப்பும் புகையும் கொழுப்பும் சேர்ந்து இறுகிய மேலோடு அது, 'பார்க்' என்பார்கள், ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. வெட்டினால் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அது வேகாத கறி கிடையாது. விறகுப் புகையிலிருக்கும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் சிவப்பு நிறப் புரதத்தோடு சேர்வதால் அந்த நிறம் அப்படியே நின்றுவிடுகிறது. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வெட்டுபவரைச் சங்கடப்படுத்தாதீர்கள், இதற்கு மேல் வேகவைக்க அதில் ஒன்றும் இல்லை.

டெய்லரில் 1949இல் தொடங்கிய லூயி முல்லர் கடையில், வரிசையில் உங்கள் முறை வந்ததும் கருத்த ஓரத்துண்டு ஒன்றைச் சும்மா நீட்டும் வழக்கம் உண்டு. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சில கடைகளில் வரிசை இரண்டு. லூலிங் ஊரின் சிட்டி மார்க்கெட்டில் கறி வாங்க, கூடத்தின் கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு அடுப்பு இருக்கும் புகை அறைக்குள் போக வேண்டும், அங்கேயே காசு கொடுத்துவிட வேண்டும். பீன்ஸ், உருளைக்கிழங்கு சாலட், குடிக்க ஏதாவது வேண்டுமென்றால் வெளியே இன்னொரு கவுன்ட்டரில் தனியாக வாங்க வேண்டும். க்ரைட்ஸிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். இது தெரியாமல் கறியைக் கையில் வைத்துக்கொண்டு பீன்ஸ் எங்கே என்று முழிப்பவர்கள் தினமும் இருப்பார்கள். அதே லாக்ஹார்ட்டில் 1932இலிருந்து நடக்கும் பிளாக்ஸ் கடையில் தலைகீழ், முதலில் பக்க உணவுகள் வரிசையாக வரும், கறி கடைசியில். பசியோடு போனால் கறி வருவதற்குள் தட்டு நிரம்பிவிடும், அங்கே கையைக் கட்டிக்கொண்டு நடங்கள்.

லேனோ ஊரின் கூப்பர்ஸ் இன்னொரு தினுசு. கடைக்கு வெளியிலேயே பெரிய இரும்பு அடுப்பு, மூடியைத் திறந்து காட்டுவார்கள், இது வேண்டும் அது வேண்டும் என்று விரலால் காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள். சாஸில் முக்கித் தரவா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள், உள்ளே போய் வேண்டுமானால் ஊற்றிக்கொள்ளலாம். அங்கே மெஸ்கீட் மரத்துத் தணல் நேராகக் கறிக்குக் கீழே இருக்கும், அதனால் ருசியும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். லாக்ஹார்ட், டெய்லர் பக்கம் எரிப்பது போஸ்ட் ஓக் என்கிற ஓக் வகை, அந்தப் புகை சாது.

எதை, எவ்வளவு, எப்படிக் கேட்பது

எடை பவுண்டில். 1 பவுண்டு ஏறக்குறைய 454 கிராம். நன்றாகச் சாப்பிடும் ஒரு ஆளுக்கு எல்லாக் கறியும் சேர்த்து அரை பவுண்டு தாராளம். நாலு பேர் போனால் பிரிஸ்கெட் ஒரு பவுண்டு, சாஸேஜ் இரண்டு, பன்றி விலா நாலு எலும்பு, அவ்வளவுதான். பசியோடு நிற்கிறபோது இது குறைச்சலாகத் தோன்றும், மயங்காதீர்கள். பிரிஸ்கெட் இப்போது பல கடைகளில் பவுண்டுக்கு 25 முதல் 35 டாலர் வரை போகிறது. மாட்டு விலா எலும்பைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் எடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரே எலும்பு ஒரு பவுண்டைத் தாண்டும், அதற்கும் எடைக்குத்தான் காசு. மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் நியாயம்.

பிரிஸ்கெட் கேட்டதும் வெட்டுபவர் "லீன் ஆர் மாய்ஸ்ட்?" என்பார். லீன் என்றால் கொழுப்பு இல்லாத தட்டைப் பகுதி, மாய்ஸ்ட் அல்லது ஃபேட்டி என்றால் கொழுப்போடிருக்கும் மேல்பகுதி. உடம்பு, கொலஸ்ட்ரால் என்று யோசித்து நம்மவர்கள் பட்டென்று லீன் சொல்லிவிடுவார்கள், அது பல கடைகளில் ரொட்டிக்குள் வைத்துத் தண்ணீர் குடித்து இறக்க வேண்டியதாக இருக்கும். மாய்ஸ்ட் கேளுங்கள், வேண்டுமானால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒவ்வொரு துண்டு போடச் சொன்னாலும் போடுவார்கள். நன்றாக வெந்த துண்டை விரல்மேல் போட்டால் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும், ஆனால் அறுந்து விழாது, லேசாக இழுத்தால் பிரியும். தூக்கும்போதே உதிர்ந்தால் அளவுக்கு மீறி வெந்தது, ரப்பர் மாதிரி இழுத்தால் வேகாதது.

சாஸேஜ் ஒன்று கண்டிப்பாக வாங்குங்கள். பழைய கறிக்கடையின் கைப்பக்குவம் பிரிஸ்கெட்டைவிட இதில்தான் தெரியும் என்பது என் கட்சி, பிரிஸ்கெட்டுக்கு இவ்வளவு மவுசு வந்ததே பின்னால்தான். லாக்ஹார்ட் சாஸேஜ் கொரகொரவென்று அரைத்தது, பெரும்பாலும் மாடு, கொஞ்சம் பன்றி, வெட்டினால் கொழுப்பு பீய்ச்சி அடிக்கும், சட்டை பத்திரம். க்ரைட்ஸில் ஷோல்டர் கிளாட் என்று தோள்கறி கிடைக்கும், இப்போது அதிகம் பேர் போடுவதில்லை, கொழுப்புக் குறைவு ஆனாலும் ருசி உண்டு. லீன் பிரிஸ்கெட்டுக்குப் பதில் இதை வாங்குவது புத்திசாலித்தனம்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஹாஃப் எ பவுண்ட் மாய்ஸ்ட் பிரிஸ்கெட், ஒன் சாஸேஜ், டூ போர்க் ரிப்ஸ், ப்ளீஸ், சார்." பெண் என்றால் மேம். சின்ன ஊர் டெக்சாஸில் இந்த சார், மேம் இரண்டுக்கும் நல்ல மரியாதை. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவர் வெட்டி எடை போட்டதும் அடுத்ததைச் சொல்லுங்கள். முழுப் பட்டியலையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தால் அவர் மறுபடி முதலிலிருந்து கேட்பார். துண்டு பெரிதாகத் தெரிந்தால் கத்தியை இறக்குவதற்கு முன் சொல்லிவிட வேண்டும், வெட்டிய பிறகு பேரம் இல்லை.

மாடு சாப்பிடாதவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள்

நம் கூட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மாடு வேண்டாம் என்பவர்களுக்கு வான்கோழி நெஞ்சு, கோழி, பன்றி விலா இந்த மூன்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். வான்கோழியைப் பாவம் என்று ஒதுக்காதீர்கள், நன்றாகச் செய்யும் கடையில் அது பிரிஸ்கெட்டோடு போட்டி போடும். பன்றி வேண்டாம் என்பவர்கள் சாஸேஜில் கவனமாக இருக்க வேண்டும். மாட்டுக்கறி சாஸேஜ் என்றே எழுதியிருந்தாலும் மேலே சுற்றியிருப்பது பன்றிக்குடலாக இருக்கலாம், கேட்டுவிடுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கு இந்தப் பழைய கடைகள் சரிப்படாது.

அதைவிட முக்கியம், எல்லாம் ஒரே அடுப்பு, ஒரே பலகை, ஒரே கத்தி. வான்கோழியை வெட்டும் கத்தி ஒரு நிமிடம் முன்புதான் பிரிஸ்கெட்டை வெட்டியிருக்கும். இதில் கண்டிப்பு உள்ளவர்களை வற்புறுத்தி அழைத்துப் போவது நியாயமில்லை.

சைவக்காரர்கள் கூட வந்தால் முட்டைக்கோஸ் சாலட், உருளைக்கிழங்கு சாலட், சில கடைகளில் மக்ரோனி சீஸ், ரொட்டி, ஊறுகாய், கடைசியில் இனிப்பு. சாலடில் இருக்கும் மயோனைஸ் முட்டையில் செய்தது. பீன்ஸ் சைவம் என்று நம்பி மோசம் போகாதீர்கள், பின்டோ பீன்ஸில் பன்றிக்கொழுப்போ பிரிஸ்கெட் துணுக்கோ போடுவது சர்வசாதாரணம், பச்சை பீன்ஸிலும் அப்படியே.

உட்கார்ந்து சாப்பிடுவது

நீள மேசைகள், முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்காருவார்கள், அதுதான் வழக்கம். வரிசையில் நிற்கும்போதே ஒருவரை அனுப்பி மேசை பிடிக்கச் சொல்வதைத் தவிருங்கள், கறியோடு நிற்பவர்களுக்கு இடமில்லாமல் போகும்.

காகிதத்தை அவிழ்த்து விரியுங்கள், அதுவே தட்டு. கையால் சாப்பிடுங்கள், இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, பார்க்கப்போனால் பக்கத்து மேசை அமெரிக்கரைவிட நாம் தேறியவர்கள். இடது கை படக்கூடாது என்ற வழக்கத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், விலா எலும்பு இரண்டு கை கேட்கும். முதல் வாய் வெறும் கறி, சாஸ் இல்லாமல். அப்புறம் ஒரு துண்டு கறி, ஒரு கடி பச்சை வெங்காயம், ஒரு கடி வெள்ளரி ஊறுகாய். கொழுப்பு நாக்கில் அப்பிக்கொள்ளும்போது அந்தப் புளிப்புதான் வழித்துவிடும். ஹாலபீனோ மிளகாய் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், காரம் நமக்குப் பெரிதாகத் தெரியாது.

சாஸ் விஷயத்தில் ஊருக்கு ஊர் மாறும். க்ரைட்ஸில் நெடுங்காலம் சாஸே தரமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள், நல்ல கறிக்கு எதற்குச் சாஸ் என்பது அவர்கள் வாதம். அதே சமயம் லூலிங் சிட்டி மார்க்கெட்டின் கடுகு வாசனைச் சாஸ் மேசையிலேயே இருக்கும், அதற்காகவே போகிறவர்கள் உண்டு. நான் சாஸேஜுக்கு மட்டும் தொட்டுக்கொள்வேன்.

குடிக்க டாக்டர் பெப்பர் என்கிற சோடா, 1885இல் இதே மாநிலத்தின் வேக்கோ நகரில் பிறந்தது. அல்லது அதே ஊரில் 1937இல் வந்த பிக் ரெட், செக்கச்செவேலென்று பபிள்கம் வாசனையில், அதை ஏன் குடிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இனிப்பு ஐஸ் டீ பாதுகாப்பானது. கடைசியில் வாழைப்பழப் புட்டிங் அல்லது பீச் காப்ளர், இரண்டில் ஒன்று போதும்.

முடிந்ததும் காகிதத்தை எலும்போடு சுருட்டிக் குப்பையில் போடுவது உங்கள் வேலை. நீங்களே வாங்கி வந்து சாப்பிடும் கடை என்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் ஜாடி இருந்தால் ஓரிரு டாலர் போடுங்கள், அடுப்பு முன்னால் ராத்திரியெல்லாம் வெந்தவர்கள் அவர்கள்.

கரோலைனா பக்கம் போனால்

இந்தக் கறிக்கடை விதிகள் வட கரோலைனாவில் செல்லாது. அங்கே பார்பிக்யூ என்றாலே பன்றிதான், மாட்டைப் பற்றிப் பேச்சில்லை. பல கடைகளில் மேசைக்கு வந்து கேட்பார்கள், அங்கே நூற்றுக்கு 15, 20 என்று டிப்ஸ் வைக்க வேண்டும். லெக்சிங்டன் என்ற ஊர் அங்கேயும் ஒன்று இருக்கிறது, அங்கே பன்றித் தோள்கறி, தக்காளி கெச்சப் கலந்த வினிகர்ச் சாஸ், சிவப்பு முட்டைக்கோஸ் சாலட், ஹஷ்பப்பி என்கிற சோளமாவுப் போண்டா. கொத்தியதா, பெரிதாகக் கொத்தியதா, சீவியதா என்று கேட்பார்கள். "அவுட்சைட் பிரவுன்" வேண்டும் என்று சொல்லிப்பாருங்கள், முறுகிய வெளிப்பகுதியாகப் பார்த்துப் போடுவார்கள், விஷயம் தெரிந்தவர் என்று ஒரு பார்வையும் கிடைக்கும். அதே மாநிலத்தின் கிழக்கே ஏடன் என்ற ஊரில் 1947இலிருந்து இருக்கும் ஸ்கைலைட் இன்னில் முழுப் பன்றியையும் வேகவைத்து, முறுகிய தோலோடு சேர்த்துக் கொத்தித் தருவார்கள். கூரைமேல் அமெரிக்க நாடாளுமன்றம் போல ஒரு குவிமாடம் வைத்திருக்கிறார்கள், அடக்கம் என்பது அந்தக் கடைக்குத் தெரியாது, கறியைச் சாப்பிட்டால் மன்னித்துவிடலாம்.

ஒரே நாளில் இரண்டு கடை

டெக்சாஸுக்கே திரும்புவோம். ஆஸ்டினிலிருந்து லாக்ஹார்ட் 50 கிலோமீட்டர்கூட இருக்காது, லூலிங் அங்கிருந்து இன்னும் 25 கிலோமீட்டர் தெற்கே. ஒரே நாளில் இரண்டு கடை பார்க்க நினைத்தால் லாக்ஹார்ட்டில் க்ரைட்ஸும் ஸ்மிட்டிஸும் நல்ல ஜோடி. இரண்டும் ஒரே குடும்பம். அப்பாவிடமிருந்து வியாபாரம் சகோதரருக்கு, கட்டடம் சகோதரிக்கு என்று ஆகி, வாடகைத் தகராறு முற்றி, 1999இல் சகோதரர் க்ரைட்ஸ் பெயரோடு வெளியேறி, பழைய அடுப்பின் தணலை வாரிக்கொண்டு போய் அதே ஊரில் கொஞ்சம் தள்ளிப் புதுக் கட்டடத்தில் அடுப்புப் பற்றவைத்தார். பழைய கட்டடத்தில் சகோதரி ஆரம்பித்ததுதான் ஸ்மிட்டிஸ். சொத்துத் தகராறு எங்கேயும் சொத்துத் தகராறுதான்.

கறியைவிட இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்மிட்டிஸ். பின்பக்க வழியாக உள்ளே போனால் வரிசை நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் திறந்தபடி விறகு எரிந்துகொண்டிருக்கும், தடுப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, குழந்தைகள் கையை விடாதீர்கள். கோடையில் அந்த அனல் தாங்காது. துணியில் ஏறும் புகை இரண்டு துவைப்புக்குத்தான் போகும், அதனால் நல்ல சட்டை வேண்டாம், அன்றைக்கே விமானம் ஏறுவதாக இருந்தால் மாற்றுத்துணி காரில் இருக்கட்டும்.

முதல் கடையில் ஆளுக்குக் கால் பவுண்டுக்கு மேல் தொடாதீர்கள், பீன்ஸும் இனிப்பும் கிட்டவே வரக்கூடாது. நடுவில் ஒரு மணி நேரம் நடக்க, 1894இல் கட்டிய நீதிமன்றக் கட்டடமும் அதைச் சுற்றிய கடைத்தெருவும் இருக்கின்றன. இரண்டாவது கடையில் மிஞ்சினால் அதே காகிதத்தில் இறுக்கிச் சுற்றித் தருவார்கள். வீட்டில் அதை மைக்ரோவேவில் வைத்தால் செருப்புத் தோல்தான். அலுமினியத் தாளில் பொதிந்து ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் மெதுவாகச் சூடாக்குங்கள், பிறகு வெட்டுங்கள். இதற்காகவே மிச்சத்தைத் துண்டு போடாமல் முழுசாக வாங்கிக்கொள்வது நல்லது.